எண்கு

அம்மா எங்களிடம் எதையும் கேட்டு வாங்கியவரல்லர். ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தாம்பரத்துக்கு எங்களோடு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கோயிலுக்குக்கூட நாங்கள் அழைத்தால்தான் வருவார். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், சுவரோரம் படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கி, "அங்க கரடி இருக்காய்யா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம். "அப்பம் நானும் வாரேன்" என்றார்.

தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னோம். சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு, தானும் மகளை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை காலை, புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலுமாகப் புறநகர் ரயிலில் ஏறி வண்டலூரில் இறங்கினோம். ஆசிரியர் வீட்டுச் சுற்றுலா எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கும் வரிசையிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டோம். 1855இல் எட்வர்டு பால்ஃபோர் மதராசில் தொடங்கிய மிருகக்காட்சிசாலைதான் இது என்றோம். பின்னர் அது சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்ததையும், இடம் போதாமல் இந்தக் காட்டுப்பகுதிக்குப் பெயர்ந்ததையும், 1985இல் எம்.ஜி.ஆர். திறந்துவைத்ததையும் சொன்னோம். பரப்பு 602 ஹெக்டேர். பழைய இடத்தில் கம்பிக்கூண்டுகள். இங்கே பெரும்பாலும் அகழிகள். 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலில் இதற்குள் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன என்பதையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளைகள் பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொல்காப்பிய மரபியலுக்கு வந்தபோதுதான் அவர்கள் காது கொடுத்தார்கள். விலங்கு, பறவைகளின் இளமைக்கு ஒன்பது பெயர்களும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே நீண்ட பட்டியல்களும் அங்கே உண்டு. யானையில் ஆண் களிறு, பெண் பிடி. மானில் பெண் பிணை. குரங்கில் ஆண் கடுவன், பெண் மந்தி. பெண் நரிக்குப் 'பாட்டி' என்று பெயர் என்றதும் தங்கை மகள் சிரிப்பை அடக்கமாட்டாமல், "ஆச்சி, ஒங்களத்தான்" என்றாள். அம்மாவும் சிரித்தார். "ராத்திரி ஊளையிடுகதக் கேட்டிருக்கேன். அது பாட்டியா தாத்தாவான்னு யாரு கண்டா?" என்றார்.

உண்மையும் அதுதான். எங்களைப் போன்ற தமிழாசிரியர்கள் இருபது ஆண்டுகளாகக் குறிஞ்சித்திணை நடத்துகிறோம். ஆமாவும் மரையும் உழையும் எங்கள் வாயில் தடையின்றி வரும். நேரில் ஒரு மானைக் கண்டால் அது கடமானா புள்ளிமானா என்று பெயர்ப்பலகையைத் தேடுவோம். 'எண்கு' என்ற சொல் வந்தால் கரும்பலகையில் 'கரடி' என்று எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். புற்றை அகழ்ந்து குரும்பி தின்னும் கரடியும், இருப்பைப் பூவை உண்ண வரும் கரடிக்கூட்டமும் அகப்பாடல்களில் வருகின்றன. தலைவன் வரும் வழியின் அச்சத்தைக் காட்ட வந்தவை என்று மாணவர்களுக்கு விளக்குவோம். தேர்வுக்கு அது போதும். கரடியைப் பற்றி எங்கள் வீட்டில் வேறொரு பாடம் இருந்தது. அதை நாங்கள் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் கடையத்துக்குப் பக்கம், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 1986இல், விடியலுக்கு முன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன எங்கள் மாமாவை, அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பியை, ஓடைக்கரையில் கரடி தாக்கியது. உயிர் பிழைத்தார். இடக்கண் போயிற்று. கன்னமும் மூக்கின் ஒருபக்கமும் இழுத்துத் தைக்கப்பட்டுச் சுருங்கிப்போயின. அப்போது எங்களில் மூத்தவருக்கு ஆறு வயது, தங்கைக்கு நான்கு. மாமா திண்ணையில் இருக்கிறார் என்றால் நாங்கள் புறவாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போவோம். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் குரல் கேட்டாலே தோள்துண்டை எடுத்து முகத்தின் ஒருபாதியை மூடிக்கொள்வார்.

மறு ஆண்டு தங்கைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் காது குத்தவேண்டும். பட்டுப்பாவாடை, கம்மல், தேங்காய் பழம் என்று எல்லாச் சீரும் கொண்டுவந்து, குளித்துப் புதுவேட்டி கட்டி, துண்டால் முகத்தை மூடியபடி மாமா மணையில் உட்கார்ந்தார். தங்கை வீரிட்டழுதாள். அவளைப் பார்த்து அண்ணனும் அழுதான். நாங்கள் இருவருமாகச் சேர்ந்து அன்று அந்த வீட்டையே கலைத்துவிட்டோம். கடைசியில் அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். மாமா எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டார். பந்தியில் அவரைக் காணவில்லை.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 2009இல் காலமானார். வளர்ந்த பிறகு நாங்கள் அவரோடு பேசவில்லை என்று சொல்லமுடியாது. பேசினோம், நலம் கேட்டோம், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தோம். அந்தக் காதுகுத்தைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

கரடி அடைப்பை நாங்கள் அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அகழிக்கு அப்பால் மரநிழலில் ஒரு கரடி முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். வெள்ளைப்புலியைப் பார்க்கப் போகலாம் என்றார்கள். மனைவி அவர்களை அழைத்துக்கொண்டு முன்னே போனார். அம்மா கைப்பிடிச்சுவரைப் பற்றியபடி நகராமல் நின்றார். நாங்கள் இருவரும் அவருக்கு இரண்டு பக்கத்திலும் நின்றோம்.

வெகுநேரம் கழித்து அது எழுந்தது. நெஞ்சில் வெளிறிய பிறைபோன்ற பட்டை. விரல் நீளத்துக்கு நகங்கள். மூக்கைத் தரையில் வைத்து எதையோ தேடிக்கொண்டு போயிற்று. மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டு அதற்குக் கிடையா. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையானை உறிஞ்சும் என்று படித்திருந்ததைச் சொன்னோம்.

"சத்தம் கேக்கும்லா" என்றார் அம்மா. "கொல்லம்பட்டறையில துருத்தி ஊதுன மாரி. தோட்டத்துல படுத்திருந்தா ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்து கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா நாங்க அந்த வழியா போகமாட்டோம். அன்னைக்கு ஓடையில தண்ணி இரைச்ச. தம்பிக்குக் கேக்கல. அதுக்கும் இவன் வந்தது தெரியல."

பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "முதுகுல குட்டி இருந்திச்சாம்."

நாங்கள் அதுவரை கேட்டறியாத செய்தி அது. தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் என்பதும், பார்வை மங்கலான அவ்விலங்கு திடீரென்று ஆளை எதிர்கொண்டால் தப்பி ஓடுவதைவிடப் பாய்வதே மிகுதி என்பதும் நூல்களில் உள்ளவை. மாமா அதைத் தம் கண்ணால், இரண்டு கண்ணும் இருந்த கடைசி நொடியில், பார்த்திருக்கிறார்.

"எங்கிட்ட மட்டுந்தான் சொன்னான். ஊர்ல அன்னைக்கு வேல்கம்பும் தீப்பந்தமுமா தேடிக்கிட்டுத் திரிஞ்சாவ. எந்தப் பக்கம் போச்சுன்னு இவங்கிட்டக் கேட்டாவ. வாய் பூராத் துணியக் கட்டியிருக்கு, கையத் தூக்கி ஆத்துப் பக்கம் காட்டுனானாம். அது போனது மலைப் பக்கம். குட்டிக்காரி, எங்கயாவது போயிப் பொழைக்கட்டும்னு நெனச்சேங்கான்."

சற்றுப் பொறுத்து, "நீங்க ரெண்டு பேரும் அவனப் பாத்து அழுததுக்கும் அதையேதான் சொன்னான். பயந்த உசிரு என்ன செய்யும்க்கா, அதுக மேல என்ன தப்புன்னான்" என்றார்.

தங்கை வலக்காதின் கம்மலைத் திருகிக்கொண்டே நின்றாள். அவள் அழுதாளா என்று பார்க்கும் துணிவு எங்களில் மற்றவருக்கு இல்லை. அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, "போதும், புள்ளைய தேடும்" என்று நடக்கத் தொடங்கினார். கரடி மறுபடி நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

மாலைவரை சுற்றினோம். பிள்ளைகளுக்கு ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் பிடித்திருந்தன. திரும்பும் ரயிலில் தங்கை மகள் அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைத் திறந்து மாமாவின் படத்தைத் தேடினோம். ஒன்றே ஒன்று கிடைத்தது. மீசை அரும்பிய முகம், வாரிவிட்ட தலை, ஓரமாய் ஒரு சிரிப்பு. 1986க்கு முன்பு எடுத்தது. அதன் பின் இருபத்துமூன்று ஆண்டுகள் அவர் எங்களோடு வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் எடுத்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. வீட்டு விசேஷங்கள் எத்தனையோ நடந்தன. ஒன்றில்கூட அவரைப் படம் எடுக்க வரச்சொல்லி நாங்கள் கூப்பிட்டதில்லை.