அளவறிந்து உழைக்கும் அணுக்கள்

நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜை ஓய்வறியாத ஒரு பட்டறை. விநாடிதோறும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை அது உருவாக்கி இரத்தத்தில் சேர்க்கிறது. ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ 120 நாள் உழைத்து மடிகிறது. அவ்வணுவில் நிறைந்திருப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதம். நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. இப்புரதம் பிழையின்றி அமைந்தால் மட்டும் போதாது; உரிய அளவில், உரிய காலத்தில் உருவாகவும் வேண்டும். இவ்வுண்மையை நாம் நூல்களில் கற்றதினும் நம் பங்கிலுள்ள ஒரு குடும்பத்தாரிடம் கற்றதே மிகுதி.

ஹீமோகுளோபின் நான்கு இழைகளால் ஆனது. ஆல்பா இழைகள் இரண்டு, பீட்டா இழைகள் இரண்டு. இட்டிலிக்கு அரிசியும் உளுந்தும் ஓர் அளவில் சேர வேண்டும் என்பதை நம் தாய்மார் அறிவர். அதுபோலவே இவ்விரு இழைகளும் சமமாக உருவாக வேண்டும். இரும்பைத் தாங்கி நிற்கும் ஹீம் என்னும் பகுதி குறைந்துவிட்டால், இளஞ்சிவப்பணு தன் புரத உற்பத்தியைத் தானே தடுத்துக்கொள்கிறது. சரக்கு வந்து சேராதபோது தறியை நிறுத்தும் நெசவாளியின் விவேகம் அது.

இச்சமன்பாடு பிறவியிலேயே குலைந்திருப்பதுதான் பீட்டா தலசீமியா என்னும் நோய். பீட்டா இழைக்குரிய மரபணு பழுதுபட்டு, அவ்விழை குறைவாகவே உருவாகிறது அல்லது உருவாகாமலே போகிறது. ஆல்பா இழையோ வழக்கம்போல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. துணையற்ற ஆல்பா இழைகள் கட்டிகளாகத் திரண்டு, அணுவை மஜ்ஜைக்குள்ளேயே அழித்துவிடுகின்றன. ஆகவே குறைவு ஒன்றால் மட்டும் வந்த கேடன்று இது. மிகுதியாலும் வந்த கேடு. 1925-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு மருத்துவர் தாமஸ் கூலி இந்நோயை விவரித்தார். 'தலஸ்ஸா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கடல் என்பது பொருள். குருமடத்தில் நற்செய்தியைக் கிரேக்க மொழியில் பயின்றபோது, கலிலேயாக் கடலைக் குறிக்கும் சொல்லாக அதனை நாம் அறிந்தோம். பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு மருத்துவச் சீட்டில் அச்சொல்லின் சாயலைக் கண்டு திடுக்கிட்டோம்.

அச்சீட்டைக் கொண்டுவந்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். அவருடைய மகன் பிறந்தபோது கொழுகொழுவென்றுதான் இருந்தான். ஞானஸ்நானம் கொடுத்த நாமே கண்டோம். ஆறு திங்கள் கடந்ததும் வெளிறிப்போனான், வயிறு பருத்தது. தாய் எதையோ உண்ணக் கொடுத்துக் கெடுத்தாள் என்றனர் சிலர். பெற்றோர் செய்த பாவம் என்றனர் வேறு சிலர். பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் ஆண்டவரிடம் எழுப்பிய அதே ஐயம்! உண்மையான காரணம் வேறு. கருவிலுள்ள குழந்தைக்குப் பீட்டா இழை பெரிதும் தேவையில்லை. காமா என்னும் வேறோர் இழை அதன் இடத்தில் நின்று பணிபுரிகிறது. பிறந்த சில திங்களில் காமா ஓய்வுபெறப் பீட்டா பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்க ஆளில்லாதபோதுதான் நோய் வெளிப்படுகிறது. தாயின் பாலிலும் குற்றமில்லை, வளர்ப்பிலும் குற்றமில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவனுக்கு இரத்தம் ஏற்றுகின்றனர். ஒரு பை இரத்தத்தோடு ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் செல்கிறது. அதனை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் படியாதிருக்க நாள்தோறும் மருந்து வேண்டும். தந்தை தம் நிலத்தின் ஒரு பகுதியை விற்றார்.

ஓய்வுபெற்ற காமா இழையின் மரபணு அழிந்துவிடுவதில்லை. அணுவுக்குள் உறங்கிக் கிடக்கிறது. அதனை உறங்கவைப்பது பி.சி.எல்.11ஏ என்னும் மற்றொரு புரதம் என 2008-ஆம் ஆண்டு அறிவியலார் கண்டனர். நோயாளியின் மஜ்ஜை மூல அணுக்களை எடுத்து, அப்புரதத்தின் உற்பத்தியை அங்கே குறைத்து, மீண்டும் உடலில் செலுத்தும் 'காஸ்ஜெவி' என்னும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் இசைவளித்தது. ஆயின் அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 22 இலட்சம் டாலர்! நம் ஏழைகளின் கைக்கு அது எட்டுவது எந்நாளோ!

எட்டக்கூடிய வழி ஒன்று உண்டு. பழுதுபட்ட மரபணு ஒன்றை மட்டும் உடையவர் நோயாளி அல்லர், நலமாகவே வாழ்வார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒருவர் மட்டும் அத்தகையவராயின் குழந்தைக்கு அக்கடும் நோய் வாராது. எளிய இரத்தப் பரிசோதனை இதனைத் தெரிவித்துவிடும். மக்களுள் ஏழில் ஒருவர் இக்கூற்றைச் சுமக்கும் சைப்ரஸ் தீவில், 1980-களில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையே இப்பரிசோதனைச் சான்றை மணமக்களிடம் கேட்கத் தொடங்கிற்று. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்க விலக்குக் கேட்டு ஆயருக்கு விண்ணப்பம் அனுப்பும் நம் ஊர்களில், இதனை எண்ணிப்பார்க்க மிகுந்த காரணம் உண்டு. ஒரே முன்னோரின் மரபணு இருபக்கமும் வந்திருக்கலாம் அன்றோ?

அச்சிறுவனின் அக்காளுக்கு மாமன் மகனைப் பேசி முடித்திருந்தனர். ஓலை வாசிக்குமுன் இருவரும் பரிசோதித்துக்கொள்ளட்டும் என்றோம். "சாமி, வெளியே தெரிந்தால் என் மகளை யார் கட்டுவார்?" என்று தாய் கலங்கினார். அவ்வச்சத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. ஊர் வாயை அறியாதவர் அல்லோம். "அம்மா, பரிசோதனைத் தாள் உங்கள் வீட்டைத் தாண்ட வேண்டியதில்லை. மணத்தைத் தடுக்கவும் அன்று, கண் திறந்து முடிவுசெய்யவே" என்றோம். இருநாள் மௌனமாயிருந்த அத்தாயை இசையவைத்தவள் அம்மகளே. "தம்பி படுவதைப் பார்த்துக்கொண்டே பயந்து மறைப்பேனா?" என்றாளாம்.

அவளுக்கு அக்கூறு இருந்தது, மாப்பிள்ளைக்கு இல்லை. தாளைப் படித்த மாப்பிள்ளை, "நாள் குறியுங்கள் சாமி" என்று மட்டும் சொன்னார். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தோம்.

வாசகக் குடும்பங்களே! பிள்ளைகளுக்கு வரன் தேடுகையில் நகையையும் நிலத்தையும் விசாரிக்கிறோம். ஒரு துளி இரத்தத்தையும் விசாரித்துக்கொள்வோம். எவரையும் ஒதுக்குவதற்காக அன்று. பிறக்கப்போகும் குழந்தையின் பொருட்டு.