மரம் எங்கிருந்து வந்தது?

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இவ்விரண்டிலும் தவறாமல் வந்து நிற்பது மரம். புது வீட்டுக்கு நிலையும் கதவும், மணமக்களுக்குக் கட்டிலும் பீரோவும் என்று, சேமித்த பணத்தில் ஒரு பங்கை மரக்கடையில் கொண்டுபோய்க் கொடுக்காத குடும்பம் நம்மிடையே அரிது. பொன் வாங்கும்போது முத்திரையைப் பார்க்கிறோம். சேலை வாங்கும்போது இழையைத் தடவிப் பார்க்கிறோம். மரம் வாங்கும்போதோ, கடைக்காரர் சொல்லும் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டு, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

பிள்ளைச்சாவடியில் கடற்காற்று வீசும் தெருவில் வாழும் எனக்கு, பணி ஓய்வுக்குப் பின் மரவேலை நல்ல துணையாக அமைந்தது. சிறு பெட்டி, புத்தகத் தாங்கி, சதுரங்கப் பலகை ஆகியவையே என் கைவேலைகள். இவற்றுக்குத் தேவைப்படுவது சில அடிப் பலகைதான். ஆயினும் கருமையும் செம்மையும் மஞ்சளும் கொண்ட உயர்ரக வன்மரங்கள் வேண்டும். அவற்றைத் தேடிப் புதுச்சேரி, கடலூர், சென்னை என்று பல மரவாடிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். அத்தேடலில் கற்றவற்றுள் சில, வீடு கட்டும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மர வணிகத்தில் பெயர் ஒன்று, பொருள் வேறு என்பது அன்றாட வழக்கம். தேக்கு இயற்கையாக வளரும் நாடுகள் இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நான்கே. இன்று நம் கடைகளில் கிடைக்கும் தேக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்க நாடுகளிலும் தென் அமெரிக்க நாடுகளிலும் தோட்டப் பயிராக வளர்க்கப்பட்டது. அதுவும் தேக்கே; அதில் பொய் இல்லை. ஆனால் இளமையிலேயே வெட்டப்பட்ட மரத்தில் வயிரம் குறைவு, வெளிறிய வெளிமரம் மிகுதி. கறையானை எதிர்க்கும் ஆற்றல் வயிரத்துக்குத்தான் உண்டு, வெளிமரத்துக்கு இல்லை. மேலும், 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்னும் பெயரில் தேக்கினத்தையே சேராத ஐரோக்கோ போன்ற மரங்களும் உலகச் சந்தையில் விற்கப்படுகின்றன.

'கருங்காலி'யின் கதை இன்னும் விந்தையானது. சித்த மருத்துவ நூல்களில் அப்பெயர் பெரும்பாலும் காசுக்கட்டி தரும் மரத்தைக் குறிக்கும். தச்சர் வழக்கிலோ கரிய வயிரமுடைய வேறொரு மரத்தைக் குறிக்கும். அண்மை ஆண்டுகளில் கருங்காலி மாலை அணியும் மோகம் பரவியபோது, சாயம் ஏற்றிய ஏதோ ஒரு மரமணிகளும் அதே பெயரில் விலைபோயின. பெயரை மட்டும் கேட்டு வாங்குவோருக்கு இக்கதியே நேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேத்தியின் திருமணத்துக்கு ஒரு நகைப்பெட்டி செய்ய விரும்பினேன். அதற்குத் தோதகத்திப் பலகை தேடினேன். ஈட்டி மரம் என்று நாம் சொல்வதும் இதுவே. ஒரு மரவாடியில் (பெயரும் ஊரும் வேண்டாம்) கருஞ்சிவப்பாக மின்னிய ஒரு பலகையை எடுத்துக் காட்டினார்கள். விலை மிக மலிவு. ஓரத்தில் பேனாக்கத்தியால் ஓர் இழை சீவிப் பார்க்க அனுமதி கேட்டேன். கடைக்காரரின் முகம் மாறிற்று. சீவியபோது, மேலிருந்த கருமைக்குக் கீழே வெளிர் மஞ்சள் மரம் பல்லிளித்தது. "எல்லாரும் இதைத்தான் வாங்கிப் போறாங்க ஐயா" என்பதே அவர் தந்த விளக்கம். நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

ஆகவே, சீவிப் பார்க்க இடங்கொடாத கடையில் மரம் வாங்கலாகாது. புதிதாகச் சீவிய முகத்தில்தான் மரம் தன் உண்மை நிறத்தைக் காட்டும். தேக்கு கைக்கு எண்ணெய்ப் பசையோடு தட்டுப்படும். பதனிட்ட தோலின் மணம் வீசும். வேங்கையின் சில சீவல்களைக் கண்ணாடிக் குவளை நீரில் இட்டு வெயிலில் பிடித்தால், நீரில் நீல ஒளி படரும். நீரிழிவுக்கென்று வேங்கைக் குவளையில் நீர் வைத்துக் குடிப்போர் இதைக் கண்டிருப்பர். விலை உயர்ந்த மரத்தில் ஐயம் தீராவிடில், பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாதிரி கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், இன்ன மரம் என்று ஆய்ந்து சொல்வார்கள்.

அடுத்து அளவு. உருட்டு மரத்துக்குச் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி கணக்கிடுவது பழைய வழக்கம். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் கணக்கு 10 கன அடி. உண்மைக் கன அளவு ஏறத்தாழ 12¾ கன அடி. அறுப்பில் வீணாவதற்காக விட்ட தள்ளுபடி என்று இதைக் கொள்ளலாம். அறுத்த பலகைக்கு இக்கணக்கு இல்லை; உள்ள அளவே அளவு. ஓர் அங்குலம் என்று பட்டியலில் எழுதி, முக்கால் அங்குலப் பலகையைக் கொடுத்தால், நாம் கொடுத்த பணத்தில் நான்கில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று என்று பொருள். கடைக்குப் போகும்போது சொந்த அளவுநாடாவைக் கொண்டு செல்வது நன்று. ஈரத்தையும் கவனிக்க வேண்டும். ஓர் அங்குலப் பலகை நிழலிலே காற்றில் உலர ஓராண்டு பிடிக்கும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. பச்சை மரத்தில் செய்த கதவு, எங்கள் கடற்கரையில் ஐப்பசி மழைக்கு வீங்கிச் சித்திரை வெயிலுக்கு வெடிக்கும்.

இதுவரை சொன்னவை நம் பணத்தைக் காப்பதற்கான வழிகள். பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. அம்மரம் யாருடைய காட்டிலிருந்து, யாருடைய கையால், எவ்விதம் வந்தது?

தோதகத்தி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சொந்தப் பட்டா நிலத்தில் நின்ற மரத்தையும் அனுமதியின்றி வெட்டலாகாது என்றது அச்சட்டம். 2017ஆம் ஆண்டு சனவரி முதல், உலகிலுள்ள தோதகத்தி இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் 'சைட்டிஸ்' என்னும் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பர்மா அரசு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து உருட்டு மரங்களின் ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகவே 'புதுச் சரக்கு, அசல் பர்மாத் தேக்கு' என்று ஒருவர் உருட்டு மரத்தைக் காட்டினால், ஆவணம் கேட்பது நம் கடமை.

இச்சட்டங்கள் எதற்கு என்போர் ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 பேர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். காவல்துறை கூறிய விளக்கத்தை மனித உரிமை அமைப்புகள் ஏற்கவில்லை. மாண்டவர்கள் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்; திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டத்து ஏழைகள். அச்செம்மரத்தை விரும்பி வாங்குவோர் கடல் கடந்த நாடுகளில் இருந்தனர். இடையில் நின்று இலாபம் கண்டவர்கள் வேறெங்கோ இருந்தனர். கோடரி பிடித்த கைகளுக்கு மட்டுமே குண்டு கிடைத்தது. இரசீது இல்லாத மலிவு மரத்தின் விலையில் எஞ்சிய பகுதியை இப்படி யாரோ ஒருவர் வீட்டுத் தாயும் பிள்ளைகளும் செலுத்துகின்றனர்.

அப்படியானால் நல்ல மரத்துக்கு எங்கே போவது? வழிகள் உள்ளன. அரசு வனத்துறையின் மரக்கிடங்குகள் முதல் வழி. கேரளத்து நிலம்பூரில், 1840களில் மலபார் ஆட்சியர் கனோலியின் ஏற்பாட்டில், சாத்து மேனன் என்பவரின் உழைப்பால் தேக்குத் தோட்டம் உருவாயிற்று. இன்றும் அப்பகுதிக் கிடங்குகளில் வனத்துறை தேக்கை ஏலம் விடுகிறது. ஏலத்தில் எடுத்த மரத்துக்கு ஊர் உண்டு, ஆவணம் உண்டு. அத்தகைய மரத்தை வாங்கி அறுத்து விற்கும் வணிகர், கேட்டவுடன் ஆவணத்தை எடுத்துக் காட்டுவார்.

பழைய வீடுகள் இரண்டாம் வழி. புதுச்சேரியிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது, பர்மாவிலிருந்து ஒரு காலத்தில் கப்பலேறி வந்த தேக்கு, உத்தரமாகவும் கதவாகவும் வெளிவருகிறது. பல பத்தாண்டுகள் உலர்ந்த அம்மரம் இனி வளையாது, முறுக்காது. ஆணித்துளை இருக்கும், அறுக்குமுன் இரும்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். இக்குறைகளைப் பொறுத்துக்கொண்டால் அதற்கு ஈடில்லை.

மூன்றாம் வழி நம் அண்டைப்புறம். 1968ஆம் ஆண்டில் தோன்றிய ஆரோவில்லில், வறண்ட செம்மண் மேட்டைப் பசுமையாக்க ஆஸ்திரேலியக் கத்திச் சவுக்கை நட்டார்கள். 'வொர்க் ட்ரீ' என்று அங்கே அதற்குப் பெயர். 2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இக்கரையைத் தாக்கியபோது, அங்கே மரங்கள் திரளாகச் சாய்ந்தன. கத்திச் சவுக்கின் வயிரம் பழுப்பு நிறத்தில் கருங்கோடு ஓடியிருக்கும். கடைந்தால் கண்ணாடி போல் வழவழப்பாகும். தொலைவிலுள்ள பண்ருட்டியில் அல்லவா பலா என்று சொல்லாதீர்கள். அதுவும் கூப்பிடு தூரமே. முதிர்ந்த பலாவின் பொன்மஞ்சள் வயிரத்திலேதான் தஞ்சாவூர் வீணை பிறக்கிறது. கடற்கரையில் புன்னையும், வாய்க்கால் கரையில் பூவரசும், தோப்பில் புளியும் வேம்பும் உள்ளன.

அந்த நகைப்பெட்டி முடிவில், இடிந்த வீடொன்றின் தேக்குச் சட்டத்திலும் பண்ருட்டிப் பலாவிலும் உருவாயிற்று. அவ்விரு மரங்களையும் எனக்குத் தந்தவர் சிறு அறுப்பு ஆலை நடத்தும் ஒருவர். முதன்முறை போனபோது, நான் கேட்ட பலகையை எடுத்துத் தந்துவிட்டு, "இது பெட்டிக்கு ஆகாது ஐயா, இன்னும் காயலை, ஆறு மாசம் பொறுத்து வாங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். கையில் வந்த வியாபாரத்தை உண்மைக்காக விட்டவர் அவர். அன்று முதல் நான் வேறு கடை தேடவில்லை.

வாசகப் பெருமக்களே, அடுத்த முறை உங்கள் இல்லத்துக்கு மரம் வாங்கும்போது மூன்று கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். இது என்ன மரம்? எந்த ஊரிலிருந்து வந்தது? அதற்கான சீட்டு எங்கே? மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் விடை தருபவர் கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலாயினும் அவரை விட்டுவிடாதீர்கள்; உற்றார் உறவினருக்கும் அவரைச் சொல்லுங்கள். கேட்பவர் பெருகினால் விடை சொல்லும் வணிகரும் பெருகுவர். நம் பிள்ளைகள் உறங்கும் கட்டிலுக்கு வேண்டிய முதல் உறுதி, அது யாரையும் அழவைத்து வந்த மரமன்று என்பதே.