கை கேட்கும், பை கேளாது

பனியன் கம்பெனியில் பத்து வருஷமாக ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண்மணி, "பீசை எடுத்து வெச்சாக் கை அது பாட்டுக்கு ஓடுதுங்க டாக்டரு, நெனப்பெல்லாம் ஊட்டுல இருக்கும்" என்று சொன்னபோது, திருப்பூருக்கு வைத்தியம் பார்க்க வந்த புதிதாகையால், புஸ்தக ஞானத்தின் கர்வத்தோடு நான் உள்ளுக்குள் சிரித்தேன். அப்பியாசத்தால் கை எவ்வளவு தானாக ஓடினாலும் அதை ஆளும் நரம்பு இச்சைக்கு அடங்கியதுதான். நிறுத்த நினைத்தால் அக்கணமே நின்றுவிடும். தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒரே நரம்பணு, இடையில் எங்கும் தங்காமல் தசைவரை சென்று, அசிட்டைல்கோலின் என்னும் திரவியத்தைச் சிந்தி அதைச் சுருங்கச் செய்கிறது.

1898-இல் கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் லாங்லி தன்னாட்சி என்று பொருள்படப் பெயரிட்ட மற்றதான தன்னியக்க நரம்பு மண்டலத்திலோ, பெரும்பாலும் இரண்டு நரம்பணுக்கள் நடுவழியில் ஒரு முடிச்சில் சந்தித்துச் செய்தியைக் கைமாற்றிக்கொண்டு இதயத்துக்கும் குடலுக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் போகின்றன. ஷிப்மெண்ட் அவசரத்தில் உள்ளங்கை வியர்ப்பதை எந்த டெய்லரும் பழக்கத்தால் நிறுத்தியதாக நான் கண்டதில்லை.

இவ்விரண்டும் ஒரே வாசலில் எதிரெதிராக நிற்கும் ஸ்தலம் சிறுநீர்ப்பை. பை நிறைந்ததும் அதைச் சுருக்குவது தன்னியக்க நரம்பு. வெளிவாயிலை இறுக்கிப் பிடிப்பது நம் இச்சைக்குட்பட்ட நரம்பு. குழந்தைப் பருவத்தில் நாம் கற்ற இந்த அடக்கத்தைத்தான் பீஸ் ரேட் வேலை நாள் முழுவதும் பரீட்சித்துப் பார்க்கிறது.

அதே பெண்மணி நீர்க்கடுப்போடு மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் நான் மாத்திரை எழுதினேனே தவிர, ஒன்றும் விசாரிக்கவில்லை. நான்காம் முறை, காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாய் அம்மணி என்று கேட்டதற்கு, "குடிச்சாப் போகோணுமுங்களே, கக்கூஸ் சாவி சூப்பர்வைசருகிட்ட இருக்குதுங்க" என்றாள். நரம்புகளின் பாகுபாட்டை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த ஒரு கேள்வி மட்டும் அதுவரை தோன்றவில்லை. தேங்கிய நீரில் கிருமி பெருகும். குறைவாகக் குடித்தால் அதைக் கழுவிப்போக்க நீரும் இராது.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: அந்தச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுங்கள்.