குட்டிக்கு என்ன பெயர்?

குழந்தைக்குப் பெயர் சூட்டுவதற்கு வழிகாட்டுவோர் பலருளர். சோதிடர் நட்சத்திரத்துக்குரிய எழுத்தைத் தருவார். பாட்டன் பாட்டிமாரின் பெயர்கள் தங்கள் முறைக்காகக் காத்து நிற்கும். நாய்க்குட்டிக்குப் பெயர் சூட்டப் புகுபவருக்கோ பஞ்சாங்கமும் உதவாது, பரம்பரையும் உதவாது. குட்டியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பெயர் கூறும் குடும்பமே அவருக்குத் துணையும் பகையும்.

பண்டைக் கிரேக்கர் இவ்விஷயத்தையும் விட்டுவைக்கவில்லை. சோக்கிரதீசின் மாணாக்கரான செனபோன் வேட்டையைப் பற்றிய தமது நூலில், நாயின் பெயர் கூப்பிடுவதற்கு எளிதாய்க் குறுகியிருத்தல் வேண்டுமென விதித்து, நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களையும் நிரல்படுத்தித் தந்திருக்கிறார். நமது ஊர்களில் அத்தகைய நூலைத் தேடுவாரில்லை. கறுத்தது கறுப்பன், வெளுத்தது வெள்ளையன். ஆங்கிலேயர் வந்தபின் ஜிம்மியும் டைகரும் சீசரும் வந்து சேர்ந்தனர். 1948இல் ஆங்கிலேயர் ஆட்சி அகன்றது, ஜிம்மி அகலவில்லை. உரோமாபுரியின் சீசர் இன்றும் நமது வேலியோரத்தில் படுத்து மீன்முள் தின்கிறார்.

எங்கள் வீட்டில் இந்தப் பெயர் விவகாரம் சென்ற ஐப்பசி மழையோடு ஆரம்பமாயிற்று. சந்தைக்குப் பின்புறம் யாரோ ஓர் உரப்பையில் மூன்று குட்டிகளை விட்டுச் சென்றிருந்தனர். கடுவன் குட்டிகள் இரண்டையும் வழிப்போக்கர் எடுத்துக்கொண்டனர். எஞ்சியது பெட்டை. அதனை என் இளைய மகன் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றான். பெட்டைக் குட்டியை வீட்டில் வைத்திருக்க நம்மவர் தயங்குவதன் காரணம் யாவரும் அறிந்ததே. ஒன்று பலவாகும், பலவற்றுக்கும் மீண்டும் ஓர் உரப்பை தேடவேண்டும்.

என் தாயார், பிள்ளைகளுக்கு ஆச்சி, குட்டியைப் பார்த்தார். பழஞ்சீலை ஒன்றைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். பிறகு கண்டிப்பாகக் கூறினார்: "மழை விடுமட்டும் இருக்கட்டும். பேர் மட்டும் வையாதேயுங்கோ. பேர் வைச்சால் பிறகு விடேலாது."

ஆச்சியின் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டென்பது எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, எங்கள் வீமன் ஒழுங்கை முடிவுவரை பின்தொடர்ந்து வந்தான். சனநெருக்கத்தில் மனிதர் நடப்பதற்கே இடமில்லை. ஆச்சி திரும்பிப் பெயர் சொல்லி, "வீட்டை போ" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து பழகியவன், அன்று பெயர் சொல்லிப் போகச் சொன்னதும் அவ்விடத்திலேயே நின்றான். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்தது; வீமன் இல்லை. அதன்பின் எங்கள் முற்றத்தில் சோறு தின்ற நாய்கள் பல. ஆச்சி ஒன்றுக்கேனும் பெயர் வைத்ததில்லை.

பிள்ளைகளோ பெயரின்றி ஒருநாளும் பொறுக்கமாட்டார்கள். அன்றிரவே மகாநாடு கூடியது. இளையவன் "டைகர்" என்றான். பெட்டைக்குப் பொருந்தாதெனத் தள்ளுபடியாயிற்று. என் மனைவி கூறிய பெயர், அடுத்த வீட்டு அம்மையாரின் பெயராயிருந்தமையால் வேலிக்கப்பால் கேட்குமுன்னரே கைவிடப்பட்டது. உயர்தர வகுப்பில் தமிழ் பயிலும் மூத்தவள், வேதத்தில் வரும் தேவலோகத்து நாயாகிய "சரமை"யின் பெயரைப் பிரேரித்தாள். பின்பு இளையவன், "லைக்கா" என்றான். மொஸ்கோ நகரத்துத் தெருவில் அலைந்த அந்தப் பெண் நாயை 1957 நவம்பர் 3ஆந் திகதி சோவியத் விஞ்ஞானிகள் விண்வெளிக்கு அனுப்பினர். தெருவில் கிடந்த குட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏதென்று அவன் வாதித்தான். "அவளைத் திருப்பி அழைப்பதற்கு அவர்கள் வழியே செய்யவில்லையே" என்றாள் மூத்தவள். அதன்மேல் எவரும் பேசவில்லை.

"பாரதத்தில் தருமரைக் கடைசிவரை தொடர்ந்த நாய்க்கு என்ன பெயர்?" என்று இளையவன் கேட்டான். அதற்குப் பெயரில்லை. பாண்டவர் ஊதிய சங்குகளுக்குக்கூடத் தனித்தனிப் பெயருண்டு, நாய்க்கு இல்லை. ஆயினும் அதை விட்டுத் தேரேறமாட்டேன் என்று தருமர் மறுத்துவிட்டார். புராணபடனம் கேட்டு வளர்ந்த ஆச்சி, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: "தருமருக்காக இந்திரன் தேரை நிப்பாட்டி வைச்சிருந்தான். எங்களுக்கு ஆர் நிப்பாட்டினது?"

மழை நீடித்தது. பெயரும் முடிவாகவில்லை. இதற்கிடையில் ஆச்சி அடுப்படியிலிருந்து, "வா பிள்ளை", "தின் பிள்ளை", "காலுக்குள்ளை நில்லாதை பிள்ளை" என்று கூறுவது கேட்கும். ஊரிலுள்ள எந்தச் சிறுமியையும் அவர் அப்படித்தான் அழைப்பார். ஒருநாள் மூத்தவளை ஆச்சி, "பிள்ளை!" என்று கூப்பிட, அவளுக்கு முன்னே குட்டி ஓடிவந்து நின்றது.

மார்கழியில் வாசிகசாலையடியில் விசர்நாய்த் தடுப்பூசி போட உத்தியோகத்தர் வந்தனர். குட்டியைச் சாக்கிலே சுற்றி ஆச்சிதான் மடியில் வைத்திருந்தார். அட்டையை நிரப்பியவர், "நாயின் பெயர்?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். ஆச்சி சற்றே தாமதித்து, "பிள்ளை எண்டு எழுதுங்கோ" என்றார்.

வீடு திரும்பியதும் மூத்தவள் தொல்காப்பியத்தைக் கையிலெடுத்தாள். மரபியலிலே நாயின் இளமைப் பெயர் "குருளை" என்று கூறப்பட்டிருக்கிறது. பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமையையும் அவ்வாறே கூறலாம். இவற்றின் குட்டிகளைப் "பிள்ளை" என்று வழங்கினும் பிழையில்லை. ஆனால் நாய் மாத்திரம் அதற்கு விலக்கு. "புலிக்குட்டியைப் பிள்ளையென்று சொல்லலாம் ஆச்சி, நாய்க்குட்டியைச் சொல்லக்கூடாதாம்" என்றாள் அவள்.

ஆச்சி சிறிது யோசித்தார். "புலியை அவர் தூரத்திலை நிண்டு பார்த்திருப்பார். நாயை வளர்த்திருக்கமாட்டார்" என்றார்.

இலக்கணத்துக்கு மாறாயினும் செனபோனின் விதிக்குப் பெயர் முற்றும் பொருந்தியது. குறுகியது, கூப்பிட எளியது. ஒன்று பலவாகும் என்ற அச்சத்துக்கும் இந்நாளில் பரிகாரம் உண்டு. வளர்ந்தபின் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதாக மிருக வைத்தியரிடம் பேசி வைத்திருக்கிறோம். தடுப்பூசி அட்டையோ, ஆச்சியின் அடையாள அட்டையோடு சேர்ந்து அவருடைய கைப்பைக்குள் இருக்கிறது. எங்கு போக நேர்ந்தாலும் முதலில் எடுப்பது அந்தப் பைதான்.