கொடுத்த இடத்தின் வலி

தீப்புண்ணைப் பற்றிப் பேசுவோர் தீ தீண்டிய இடத்தைப் பற்றியே பேசுகின்றனர். அப்புண்ணை மூடத் தன் தோலை ஈந்த இடத்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எனக்கு உணர்த்தியவர் என் தமக்கையார்.

அரக்கோணத்தில் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்ததில் அவருடைய வலக்கை வெந்துபோயிற்று. சென்னையில் ஒரு மருத்துவமனையில் அவரது தொடையிலிருந்து தோலை மெல்லியதாகச் சீவி எடுத்துக் கையில் ஒட்டினர். சில நாளில் கைவலி தணிந்தது. ஆனால், "கை பரவாயில்லை தம்பி, தொடைதான் எரிகிறது" என்று இரவெல்லாம் அரற்றினார்.

காரணத்தைப் பின்னரே படித்தறிந்தேன். தோலின் மேலடுக்கையும் கீழடுக்கின் ஒரு பகுதியையும் மட்டுமே மருத்துவர் எடுக்கின்றனர். எஞ்சியுள்ள மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் உள்ள உயிரணுக்கள் பெருகிப் பரவி, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் புதுத்தோலை உண்டாக்குகின்றன. அதுவரை நரம்பு நுனிகள் மூடலின்றிக் கிடக்கின்றன. ஆதலால் வலி மிகுதி. வாசலின் தடவிய துணி காய்ந்து ஒட்டிக்கொண்டால், கட்டுப் பிரிக்கும்போது இளந்தோலும் உடன் உரிந்து வரும்.

புண் காய்ந்தால்தான் ஆறும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆங்கில அறிஞர் பன்றிகளிடம் சோதித்து, ஈரப்பதம் காக்கப்பட்ட புண்ணில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் படர்வதைக் காட்டினார். அதன்பின் தோல் எடுத்த இடத்திற்கென எத்தனையோ மேற்பூச்சுகளும் மூடுபொருள்களும் சோதிக்கப்பட்டன. அவற்றுள் விலை மிக்கவை பல.

இந்நிலையில் மும்பை சயான் மருத்துவமனையின் மருத்துவர் மாதுரி கோரே நாடியது வாழையிலையை! மெழுகுப் பூச்சுள்ள அவ்விலை புண்ணில் ஒட்டாது, அகன்றது, மலிவானது. அதனை நீராவியில் கிருமி நீக்கித் தோல் எடுத்த இடத்தில் வைத்துக் கட்டி, வாசலின் துணியோடு ஒப்பிட்டார். இலைக்கட்டில் வலி குறைந்திருந்ததை 2003இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது.

தீப்பட்டோரை வாழையிலையில் கிடத்துவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். ஆயினும் வழக்கம் மட்டுமே சான்றாகிவிடாது. கொல்லையில் அறுத்த இலையை அப்படியே புண்ணில் இடுவதும் தீங்காகும். ஆள்தோறும் புண் ஆறும் விரைவு வேறுபடும். ஆகவே, ஒருவர் தொடையிலேயே ஒரு பாதியில் ஒன்றையும் மறுபாதியில் மற்றொன்றையும் இட்டு ஒப்பிடுவது நடுநிலையான சோதனைமுறை. ஆறிய நாள்களை எண்ணுவதோடு, நோயாளியின் வலியையும் கேட்டுப் பதிவதே அதன் முழுமை.

பழமை என்பதால் ஒன்றைப் போற்றவும் வேண்டா. எளிமை என்பதால் ஒன்றைத் தள்ளவும் வேண்டா. சோதித்துக் கொள்வோம். ஈந்தவரின் வலியை மறந்துவிட்டுப் பெற்றவரின் நலத்தை மட்டும் பாராட்டுவது உலகியல்பு. ஓர் உடலுக்குள்ளேயே அம்மறதி நேர்கிறது. அதனை மறவாத மருத்துவமே நிறைவான மருத்துவம்.