தேயாத கருவியும் தேய்ந்த காலமும்

தேய்ந்த கருவியை ஒதுக்குதல் உலகியல்பு. தேயாத கருவியையும் ஒதுக்க நேர்வது கணினி யுகத்தின் புதுமை. அதன் காரணத்தை நண்பர்களோடு சிறிது ஆராய விழைகின்றோம்.

2015-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. மறுநாளே கணினி நின்றுவிடவில்லை. ஆயின், புதிதாய்க் காணப்படும் ஓட்டைகள் அடைபடாமையின் கள்வர்க்கு வாயில் திறந்ததாயிற்று. விண்டோஸ் 11-க்கு மாறலாமே எனின், 2017-க்கு முன் வந்த செயலிகளுள் மிகப்பல அதற்கு ஏற்கப்படவில்லை. மேலும் ஓராண்டுக்குத் திருத்தம் பெற 30 டாலர் கட்டணமும், கட்டணமில்லாச் சில வழிகளும் அறிவிக்கப்பட்டன. அஃது ஓராண்டுத் தவணையே.

ஆக்குவோர் பக்கத்தும் நியாயம் உண்டு. பழையன அனைத்தையும் என்றும் பேணுதல் அரிது. திருத்தம் இன்றியமையாதது என்பதற்கு 2017 மே மாதத்து ‘வானாக்ரை’ தாக்குதலே சான்று. இரு திங்கள் முன்னரே வெளிவந்த திருத்தத்தை ஏற்றாத கணினிகள் பல வீழ்ந்தன. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் சிலவற்றில் சிகிச்சைகளும் தடைப்பட்டன.

நிற்க. இவ்விழப்பு யாரைச் சாரும்? மாணவராகிய எம்மிற் பலர் பிறர் பயன்படுத்திய கணினியைக் குறைந்த விலைக்குப் பெறுவோர். எம் தமையனார் படித்து முடித்து அளித்த மடிக்கணினியில், கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸை ஒரு மாலைப்பொழுதில் ஏற்றினோம். அதில் தமிழ்த் தட்டச்சு இனிது நடைபெறுகின்றது. இக்கட்டுரையும் அதில் எழுதியதே. ஆயினும், அருகிருந்து வழிகாட்ட விடுதித் தோழர் ஒருவர் இருந்தார். அத்தகைய துணையில்லாத சிறு கடைக்காரரும் முதியோரும் யாது செய்வர்? புதியது வாங்கப் பொருளின்றிக் காப்பற்ற கணினியிலேயே வங்கிக் கணக்கைத் திறப்பர்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருள்கள் பலவற்றிற்குக் குறைந்தது எந்நாள்வரை திருத்தம் கிட்டும் என ஆக்குவோர் தெரிவித்தல் வேண்டும் என்பது சட்டம். மடிக்கணினிகளோ பொதுவாக அதற்கு விலக்கு! இவ்விலக்கு முறையாகாது என்பது எம் கருத்து. காலாவதி நாள் குறியாத மருந்தை நாம் வாங்குவோமா? கணினிக்கும் அவ்வாறே விலையோடு நாளும் பொறிக்கப்படுதல் வேண்டும். அறிந்து வாங்குபவன் தன் பொருளுக்கேற்பத் துணிவான். அறியாது வாங்குபவனோ இருமுறை விலை கொடுப்பான்.