சட்டைக்குள் ஒரு ஸ்வெட்டர்

அண்ணன் ஏன் மே மாத வெயிலிலும் சட்டைக்குள் ரெண்டு பனியன் போட்டுக்கொண்டார் என்பது எனக்கு 2018இல்தான் புரிந்தது. புற்றுநோயில் உடம்பு இளைத்தது யார் கண்ணிலும் படக்கூடாது என்று சட்டைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டதாக ஜான்லூகா வியாலி அந்த வருஷம் சொல்லியிருந்தார். அண்ணன் போய் அப்போது மூன்று வருஷம்.

வியாலியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அண்ணன்தான். அவருக்குக் கப்பலில் வேலை. ஜெனோவா துறைமுகத்தில் நின்ற நாட்களில் சம்ப்டோரியா ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு, நீல நிற ஸ்கார்ஃப் ஒன்றும் வாங்கி வந்தார். "ரெண்டு பயலுக, வியாலியும் மான்சினியும். ஒருத்தன் திரும்பிப் பாக்காமலே பந்தைக் குடுப்பான், இன்னொருத்தன் அங்க நிப்பான்டா" என்பார். 1991இல் அந்த அணி முதல்முறையாக இத்தாலிய லீக்கை வென்றது. வியாலிக்கு 19 கோல். மறுவருஷம் வெம்ப்லியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். வியாலி நல்ல வாய்ப்புகளைத் தவறவிட்டார். 112ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் கூமன் அடித்த ஃப்ரீ கிக்கோடு எல்லாம் முடிந்தது. பிறகு யுவென்டஸுக்குப் போய் 1996இல் அதே கோப்பையைக் கேப்டனாக வாங்கினார். அண்ணனுக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

நாங்கள் அதிகம் சண்டை போட்டது செல்சி வியாலியைப் பற்றித்தான். குல்லிட் மேனேஜராக இருந்தபோது அவரை அடிக்கடி பெஞ்சில் உட்கார வைத்தார். 1997 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கிடைத்தது கடைசி சில நிமிடங்கள். 1998 பிப்ரவரியில் குல்லிட்டை நீக்கிவிட்டு 33 வயது வியாலியையே ஆட்டக்கார மேனேஜராக்கினார்கள். முதல் ஆட்டத்துக்கு முன்னால் டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் ஷாம்பெயின் கொடுத்தாராம். சரி, அது கிடக்கட்டும். இனிமேல் அணிப் பட்டியலில் தன் பெயரை எழுதுவதா வேண்டாமா என்பதை அவரேதான் முடிவு செய்தாக வேண்டும். மார்ச்சில் லீக் கோப்பை இறுதிக்கு எழுதவில்லை; ஜெயித்தார்கள். மே மாதம் ஸ்டாக்ஹோமில் எழுதிக்கொண்டார், சோலா பெஞ்சில். 71ஆவது நிமிடத்தில் இறங்கிய சோலா, இறங்கிய வேகத்தில் கோல் போட்டார். கோப்பை செல்சிக்கு.

"பாத்தியா, தன்னைப் போட்டது தப்பு" என்றேன்.

"அவன் உடம்பு அவனுக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன்.

2000இல் பழைய வெம்ப்லியின் கடைசி எஃப்.ஏ. கோப்பையும் வியாலிக்குத்தான். செப்டம்பரில் அவரையும் நீக்கினார்கள். அடுத்து வாட்ஃபோர்டில் ஒரு சீசன். 37 வயதுக்குப் பிறகு எந்த கிளப்புக்கும் அவர் மேனேஜராகவில்லை.

2021 ஜூலையில் மான்சினி இத்தாலியின் பயிற்சியாளர், வியாலி அணிக் குழுவின் தலைவர். மறுபடி வெம்ப்லி. பெனால்டியில் இங்கிலாந்து தோற்றதும் ரெண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நம்மூரில் அப்போது விடியப்போகும் நேரம். பக்கத்தில் யாரும் இல்லாததால் நானும் அழுதேன்.

2022 டிசம்பரில் உடல்நிலையைச் சொல்லி வியாலி அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். ஜனவரி 6ஆம் தேதி லண்டனில் இறந்தார். வயது 58. அண்ணன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின வாரம்கூட, ரெண்டு பனியனும் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போனார்.